வேலியில் பூத்தால் அபூர்வம் இல்லையா?

போன வைகாசியில், மழை பிடித்துக்கொண்ட கிழமை, பக்கத்து வீட்டு அக்கா எங்கள் தோட்டத்துக்கு வந்தார். செம்பருத்தியையும் ரோசாவையும் பாராட்டிக்கொண்டே வந்தவர், வேலியோரம் வந்ததும் நின்றுவிட்டார். “தம்பி, இவ்வளவு பார்த்துப் பார்த்து வளர்க்கிறீங்க. நடுவில எதுக்கு இந்தக் காட்டுச் செடி? பிடுங்கிப் போட்டுட்டு அபூர்வமா ஒண்ணு வாங்கி வைங்களேன்” என்றார்.

அவர் கை நீட்டியது, இடுப்பளவு உயரத்தில் உடம்பெல்லாம் ஊதாப் பூவாக நின்ற ஒரு செடியை. சிங்களத்தில் ஹீன் போவிட்டியா. தாவரவியலில் ஒஸ்பெக்கியா ஒக்டாண்ட்ரா. இலங்கைத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை. பிறகு, தம் வீட்டில் தானாக முளைத்த ஓர் ‘அபூர்வச் செடி’யைக் காட்ட என்னை அழைத்துப் போனார். பெரிய தொட்டியில் வைத்து உரம் போட்டு வளர்த்திருந்தார். முழ நீள இலை. மேலே பட்டுப் பச்சை, புரட்டினால் கத்தரிப்பூ நிறம். பார்த்த கணத்தில் அடையாளம் தெரிந்தது: மைக்கோனியா. பசிபிக் தீவொன்றின் மலைக்காடுகளை விழுங்கிய அதே செடி.

அன்று அவரிடம் அரைகுறையாகத்தான் சொல்ல முடிந்தது. முழுவதையும் இங்கே எழுதுகிறேன். அவர் சொன்னது அவருடைய கருத்து மட்டுமல்ல. கண்டியில் தோட்டம் வைத்திருக்கும் பெரும்பாலானோரின் கருத்து.

அந்தக் கருத்துக்கு நான்கு கால்கள். அபூர்வமான பூச்செடி கடல் கடந்து வரவேண்டும். வேலியிலும் தேயிலை மலை ஓரத்திலும் தானாகப் பூப்பது களை. தோட்டத்தில் நட்ட செடி தோட்டத்திலேயே நிற்கும். பெயர் தெரியவேண்டுமென்றால் கைத்தொலைபேசி சொல்லிவிடும். இந்த நான்கையும் நான் மறுக்கிறேன். நான்கும் பிழை என்பதற்குச் சாட்சி தேடித் தூரம் போகவேண்டியதில்லை. கண்டியைச் சுற்றியுள்ள மலைகளே சாட்சி.

மூன்றாவது காலிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் அதிக நாசம் செய்தது. பேராதனைத் தாவரவியல் பூங்கா 1821இல் அலெக்சாண்டர் மூனின் பொறுப்பில் தொடங்கியது. மகாவலி மூன்று பக்கமும் வளைத்து ஓடும் 147 ஏக்கர் நிலம். அதன் நிழலில் வளர்ந்தவன் நான். அதைப் பழிப்பது என் நோக்கமல்ல. ஆனால் உலகத்துச் செடிகளையெல்லாம் கொண்டுவந்து நட்டுப் பார்ப்பது அக்காலத்துப் பூங்காக்களின் வேலையாக இருந்தது. ‘அபூர்வம் என்றால் தூரத்துச் செடி’ என்ற பாடத்தைக் கண்டிக்காரர்கள் அங்கேதான் படித்தார்கள். 1826இல் உண்ணிச் செடி அந்தப் பூங்காவின் வழியே வந்தது. மஞ்சளும் சிவப்பும் கலந்த அதன் பூங்கொத்தை யாரும் சந்தேகிக்கவில்லை. இன்று அது இல்லாத தரிசு நிலம் இந்தத் தீவில் அருமை. 1888இல் மைக்கோனியா பேராதனைக்கு வந்தது; அதை இலை அழகுக்காக வளர்த்தார்கள். 1894 அளவில் கிளிடேமியா இத்தீவுக்கு வந்தது. சிங்கராஜாவிலும் நக்கிள்ஸ் மலைத்தொடரிலும் காட்டுப் பாதை ஓரமெங்கும் இன்று நிற்பது அதுதான். இந்த மூன்று செடிகளும் வேலி தாண்டின.

மைக்கோனியாவின் கதையைத் தெரிந்துகொண்டவர் அதை நட மனம் வைக்கமாட்டார். 1937இல் தஹிதித் தீவின் ஒரு பூங்காவில் அதை அழகுக்காக நட்டார்கள். நான்கைந்து வருடத்தில் பூக்கத் தொடங்கும் செடி அது. ஒரு மரம் ஒரு வருடத்தில் இலட்சக்கணக்கான விதைகளைத் தரும். விதை மணலைவிடச் சிறியது. பழத்தைத் தின்ற குருவி போகுமிடமெல்லாம் விதைக்கும். மண்ணில் விழுந்த விதை பத்து வருடத்துக்கு மேல் உயிரோடு காத்திருக்கும். அரை நூற்றாண்டுக்குள் தஹிதியின் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் அது பரவிவிட்டது. அந்தக் குடை இலைகளின் இருட்டில் வேறெதுவும் முளைப்பதில்லை. அதன் வேர் ஆழமில்லாததால் பெருமழையில் மலைச்சரிவுகள் வழுக்கின. அங்குள்ள மக்கள் அதற்கு வைத்த பெயர் ‘பச்சைப் புற்றுநோய்’.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தஹிதியின் பக்கத்துத் தீவு மூரேயா. நம் வீட்டு யன்னல்களில் போத்தல் தண்ணீரில் வளரும் ‘மணி பிளாண்ட்’ கொடியின் தாயகம் அதுதான். கண்டி நகரின் தலைக்கு மேலே, தலதா மாளிகைக்குப் பின்னால், உடவத்தகெலே காடு இருக்கிறது. ஏறத்தாழ 100 ஹெக்டெயர் பரப்பு. அரசர் காலத்திலிருந்து காக்கப்பட்ட காடு. அதன் தரையைப் பல இடங்களில் இன்று மூடியிருப்பது அந்த யன்னல் கொடிதான். வேண்டாம் என்று யாரோ வேலிக்கு அப்பால் எறிந்த ஒரு துண்டு போதும்; அது வேர்விட்டு மரமேறி, தரையை மூடி, காட்டு மரத்தின் கன்றுகளை மூச்சுத் திணறச் செய்யும். அவர்கள் தீவிலிருந்து வந்த கொடி நம் காட்டைக் கொல்கிறது. நாம் தொட்டியில் கொஞ்சும் செடி அவர்கள் காட்டைக் கொன்றது. இரண்டு தீவுகளிலும் மனிதர்கள் செய்த பிழை ஒன்றே. செடியின் பழக்கத்தை விசாரிக்காமல் அதன் இலையழகை மட்டும் பார்த்தார்கள்.

அடுத்து, கைத்தொலைபேசி பெயர் சொல்லிவிடும் என்ற நம்பிக்கை. செயலிகளை நானும் பயன்படுத்துகிறேன். முதற்படிக்கு உதவும். ஆனால் செயலி பார்ப்பது ஒரு படத்தை மட்டுமே. காயை அறுத்துப் பார்க்க அதற்குக் கை இல்லை. கேசரத்தை எண்ணாது, இலையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்காது. ஹீன் போவிட்டியாவையும் மைக்கோனியாவையுமே எடுத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே குடும்பம்: மெலஸ்டோமேசியே. அந்தக் குடும்பத்தின் பெரும்பாலான இலைகளை ஒருமுறை கவனித்தவர் மறக்கமாட்டார். காம்படியிலிருந்து மூன்றோ ஐந்தோ நரம்புகள் புறப்பட்டு, வில்லாக வளைந்து, நுனிவரை ஓடும். அவற்றுக்கிடையே ஏணிப்படி போலக் குறுக்கு நரம்புகள். இந்த இலை ஹீன் போவிட்டியாவில் உண்டு, அதன் உறவுச் செடியான மஹா போவிட்டியாவில் உண்டு, கிளிடேமியாவில் உண்டு, மைக்கோனியாவிலும் உண்டு. இலை குடும்பப் பெயரைத்தான் சொல்லும். ஆளின் பெயரைச் சொல்லாது.

ஆளை அறியப் பூவுக்கும் காய்க்கும் போகவேண்டும். ஹீன் போவிட்டியாவின் பூவுக்கு இதழ் நான்கு, கேசரம் எட்டு. ‘ஒக்டாண்ட்ரா’ என்ற பெயரே எட்டுக் கேசரத்தைத்தான் குறிக்கிறது. அதன் காய் முற்றினால் உலர்ந்த சின்னக் கிண்ணம்; காற்று அசைக்கும்போது தூள் விதை உதிரும். மஹா போவிட்டியாவின் பூவுக்கு இதழ் ஐந்து, கேசரம் பத்து: ஐந்து மஞ்சள், ஐந்து நீண்டு வளைந்த ஊதா. அதன் பழம் வெடித்துக் கருஞ்சதை காட்டும். தின்ற பிள்ளையின் வாய் கறுக்கும். அதன் தாவரவியல் பெயரான ‘மெலஸ்டோமா’ என்ற கிரேக்கச் சொல்லின் பொருளும் கருவாய்தான். கிளிடேமியாவின் பூ சிறியது, வெள்ளை. தண்டிலும் இலையிலும் முரட்டு மயிர். பழம் கருநீலம், சாறு நிறைந்தது, குருவிக்கு விருந்து. ஊர்ப்பெயரை நம்பியும் பயனில்லை, அதையும் போவிட்டியா என்றே ஆட்கள் கூப்பிடுகிறார்கள். மஞ்சட்காமாலைக்கு என்று ஹீன் போவிட்டியாக் கொழுந்தைப் பறித்துக் கஞ்சி வைக்கும் ஊர் இது. இங்கே ஆள் மாறுவது அழகுப் பிரச்சினை மட்டுமல்ல.

இதை உபதேசமாகச் சொல்லவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஹந்தானைச் சரிவில், ஒரு தேயிலை மலையின் ஓரத்திலிருந்து இளங்கன்று ஒன்றை ஹீன் போவிட்டியா என்று நம்பிக் கொண்டுவந்து நட்டேன். வெள்ளைப் பூ வந்தபோதுகூட, வேறு நிறம் போலும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு மழைக்காலம் கழிந்தபின் கீழ்ச்சரிவெங்கும் கிளிடேமியா முளைத்திருந்தது. அந்த ஓர் அலட்சியத்துக்காக இன்றுவரை ஒவ்வொரு மழைக்குப் பிறகும் குனிந்து பிடுங்குகிறேன். எட்டுக் கேசரத்தை எண்ண ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை.

‘பெயர் தேட நமக்கு எங்கே வழி’ என்பவர்களுக்கும் பதில் உண்டு. பேராதனையில் தேசிய உலர்தாவரகம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த மாதிரிகள் அங்கே இருக்கின்றன. ஹென்றி ட்ரைமன் தொடங்கிய இலங்கைத் தாவரக் கைந்நூல் 1893 முதல் 1900 வரை ஐந்து பாகங்களாக வந்தது. அதில் சிங்களப் பெயர்களோடு தமிழ்ப் பெயர்களும் இருக்கின்றன. அந்நூலின் திருத்திய பதிப்பு 1980 முதல் பாகம் பாகமாக வெளிவந்தது. பூவும் காயும் இலையும் சேர்ந்த ஒரு கொப்பைப் பத்திரிகைத் தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்தி, எங்கே, எப்போது எடுத்தது என்று எழுதி வைக்கும் பழக்கம் ஒருவருக்கு வந்துவிட்டால், ஒரு வருடத்தில் தன் வளவுக்குள்ளேயே எத்தனை அபூர்வம் இருக்கிறது என்று கண்டுகொள்வார்.

இனி, வேலியில் பூப்பது களை என்ற வாதம். கண்டிச் சுற்றுவட்டாரப் பாதைகளின் ஓரத்தில், பச்சைக்கு நடுவே வெள்ளைக் கைக்குட்டைகளை உலர்த்தியதுபோல ஒரு புதர் தெரியும். முஸ்ஸெந்தா. தமிழில் வெள்ளிலை என்றும் சொல்வதுண்டு. அந்த வெள்ளை, இதழல்ல; பூவின் புல்லிகளில் ஒன்று இலையாக விரிந்தது. உண்மைப் பூ நடுவில் இருக்கும் சின்னச் செம்மஞ்சள் நட்சத்திரம். 1670களில் இத்தீவில் மருத்துவராக இருந்த பவுல் ஹெர்மன் சேகரித்த செடிகளை வைத்துத்தான் லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றித் தனி நூல் எழுதினார். முஸ்ஸெந்தா என்ற சிங்களப் பெயரே அப்படித்தான் உலகப் பெயராயிற்று. இன்று உலகமெங்கும் பூச்செடிக் கடைகளில் நிற்கும் இளஞ்சிவப்பு ‘முசெண்டா’ கலப்பினங்கள் சுமப்பது நம் பாதையோரப் புதரின் பெயரை. அந்தக் கலப்பினத்தைக் காசு கொடுத்து வாங்கி வந்து, அதற்கு இடம் வேண்டுமென்று வேலியிலிருந்த மூலப் பெயர்க்காரியை வெட்டுகிறோம். வெட்டும்போது வேறொன்றும் போகிறது. ‘கமாண்டர்’ என்று அழைக்கப்படும் செந்நிற வண்ணத்துப்பூச்சியின் புழு தின்னும் இலைகளில் இதுவும் ஒன்று.

இன்னொன்று, சிங்களத்தில் இத்தா எனப்படும் ரைட்டியா அன்டிடிசென்டெரிக்கா. வெள்ளைவெளேரென்ற ஐந்து இதழ், நடுவில் கிழிந்த சரிகை போலச் சிறு மகுடம், வருடத்தில் பெரும்பகுதி பூக்கும் அடக்கமான புதர். வெளிநாட்டு நர்சரிகள் இதற்கு ‘ஆர்க்டிக் பனி’ என்று பெயரிட்டு விற்கின்றன. பனியையே காணாத மண்ணின் செடி, வடதுருவத்துப் பெயர் சூடித் திரும்பி வந்தால் நாம் அபூர்வம் என்கிறோம். பெயர் விஷயத்தில் இங்கும் கவனம் வேண்டும். அதே பின்பெயரைக் குடசப்பாலைக்கும் ஒருகாலத்தில் வைத்திருந்தார்கள். வயிற்றுக்கடுப்புக்கு வைத்தியத்தில் பேர்போனது அந்தக் குடசப்பாலைதான். பெயரின் பாதியை மட்டும் நம்பித் தோட்டத்துப் புதரை மருந்தாக்கக்கூடாது.

தமிழருக்கு இந்த வாதம் இன்னும் நெருக்கமானது. வெட்சி நம் இலக்கணத்தில் ஒரு திணையின் பெயர். செடியாக அது தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான செங்கொத்துப் புதர். காயா, திருமாலின் மேனிக்கு உவமையான நீலப்பூ. அதன் இனத்தில் பல வகைகள் இத்தீவுக்கே உரியவை. கொப்பெல்லாம் நீலத் தூள் அப்பியதுபோல அது பூத்து நிற்பதை நேரில் பார்த்த தமிழர் எத்தனை பேர்? பாவட்டையின் வெள்ளைக் கொத்தை வேலியில் பார்த்திருப்போம். அதன் இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரியும். நோயல்ல. இலைக்குள் குடியிருக்கும் பக்டீரியாக்களின் சிறு வீடுகள். பாவட்டையை அடையாளம் காண அதைவிட எளிய வழி இல்லை. இலக்கியத்தில் பெயர் தெரிந்து, வேலியில் ஆள் தெரியாமல் வாழ்வது நமக்கு அழகல்ல.

எல்லா உள்ளூர்ச் செடியையும் தோட்டத்துக்குக் கொண்டுவா என்றும் நான் சொல்லவில்லை. நெலு எனப்படும் நம் குறிஞ்சி வகைகள் பல, ஏறத்தாழப் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, காய்த்து, மடிபவை. 2013இல் ஹோர்ட்டன் சமவெளி பூத்தபோது ஊரே மலையேறியது. அதைப் போய்ப் பார்க்கவேண்டும், பிடுங்கி வரக்கூடாது. காப்புக்காட்டிலிருந்து எந்தச் செடியைக் கொண்டுவருவதும் சட்டப்படி குற்றம். என் ஹந்தானைப் பிழையில் அந்தப் பாடமும் உண்டு. வீட்டு வேலியும், வெட்டித் துப்புரவாக்கப் போகும் வளவும், அனுமதி தரும் தோட்ட ஓரமும் கொப்பும் விதையும் எடுக்கப் போதும்.

‘காட்டுச் செடி தோட்டத்தில் பிடிக்காது’ என்பவர்கள் முயன்று பார்க்காதவர்கள். இந்த வேலையில் கைதேர்ந்தவர்கள் மலையகத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். ஓர் இலையும் ஒரு துண்டுத் தண்டும் கொண்டு தேயிலைக் கன்று உண்டாக்கிய நம் தாய்மாரின் கைக்கு, முஸ்ஸெந்தாவும் வெட்சியும் பெரிய விஷயமல்ல. பாதி முற்றிய கொப்பில் இரண்டு கணு விட்டு வெட்டி, கீழ் இலையை நீக்கி, மேல் இலையைப் பாதியாக நறுக்கி, மணல் கலந்த மண் நிரப்பிய தேயிலைப் பையில் குத்தி, பொலித்தீன் கூடாரத்தால் மூடி நிழலில் வைத்தால் இரண்டு மாதத்துக்குள் வேர் பிடிக்கும். ஹீன் போவிட்டியாவின் தூள் விதையைச் சலித்த மண்ணின்மேல் தூவவேண்டும், மூடக்கூடாது. தண்ணீரை மேலே ஊற்றாமல், தட்டில் விட்டுக் கீழிருந்து உறிஞ்சவிடவேண்டும். காயாவுக்குப் பழச்சதை நீக்கிய புது விதையும் வருடக்கணக்கான பொறுமையும் வேண்டும்.

மண்ணைப் பற்றி ஒன்று. போவிட்டியாக்கள் தேயிலையைப் போல அமில மண்ணை விரும்புபவை. ரோசாவுக்குப் போடும் பழக்கத்தில் அடுப்புச் சாம்பலையும் சுண்ணாம்பையும் இவற்றின் அடியில் கொட்டினால் இலை மஞ்சளாகிச் செடி சோரும். ‘காட்டுச் செடி பிடிக்கவில்லை’ என்று சொன்ன பல வீடுகளில் நான் கண்ட காரணம் அந்தச் சாம்பல்தான். வைகாசி மழையிலோ ஐப்பசி மழையிலோ நட்டு, முதல் தை, மாசி வெயிலுக்கு மட்டும் தண்ணீர் காட்டி, பூ ஓய்ந்ததும் நுனி கிள்ளிவிட்டால் அடுத்த வருடம் புதர் நிறையப் பூக்கும். காலையில் கருவண்டு வந்து பூவைப் பற்றிக்கொண்டு உடம்பை அதிரவைக்கும். கேசர நுனியின் சிறு துளை வழியே மகரந்தம் தெறிக்கும். அந்த ரீங்காரம் கேட்கும் தோட்டத்துக்கு வேறு அலங்காரம் வேண்டியதில்லை.

கடைசியாக, என்னை அதிகம் வருத்திய எதிர்வாதம். நண்பர் ஒருவர் கேட்டார்: “வந்தேறிச் செடி, வந்தேறிச் செடி என்கிறாயே, உன் பாட்டன் எங்கிருந்து வந்தான்? தேயிலை எங்கிருந்து வந்தது?”

நான் அந்தச் சொல்லைச் செடிக்கும் சொல்வதில்லை. 1948இல் ஒரு சட்டம் எங்கள் மலையகத் தமிழ் மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரண்டு அரசுகள் எங்கள் குடும்பங்களை எண்ணிக்கையாகப் பங்கு போட்டுக்கொண்டன. ‘வந்தவன்’ என்ற சொல்லின் காயம் எங்களுக்குத் தெரியும். ஆகவே தெளிவாகவே சொல்கிறேன்: மனிதர் செடியல்ல, செடி மனிதருமல்ல. ஒன்றுக்கான நியாயத்தை மற்றதன்மேல் சாற்றுவது இரண்டுக்கும் அநீதி. செடியிலும்கூட, எங்கிருந்து வந்தது என்பதல்ல என் கேள்வி. 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலையும், மிளகாயும், பப்பாசியும், விகாரையில் காணிக்கையாகும் அரலியாவும் வெளியிலிருந்து வந்தவையே. என் ரோசாவும் போகன்வில்லாவும் அப்படித்தான். அவை நட்ட இடத்தில் நிற்கின்றன. நானும் அவற்றை வைத்திருக்கிறேன். இளஞ்சிவப்பு முசெண்டாவையும் வெட்டச் சொல்லவில்லை. அது விதையால் பரவுவதை நான் கண்டதில்லை.

நான் கேட்பது செடியின் நடத்தையை. பழம் சதைப்பற்றானதா, குருவி தின்னுமா? விதை பொடியாய், எண்ணற்றதாய் இருக்கிறதா? இருண்ட நிழலிலும் முளைக்குமா? வெட்டி எறிந்த துண்டு வேர்விடுமா? இவற்றில் இரண்டுக்கு ‘ஆம்’ என்றால், காடு சூழ்ந்த கண்டியில் அந்தச் செடியை நடக்கூடாது, அது எந்த நாட்டுச் செடியானாலும், எத்தனை ரூபாய் கொடுத்தாலும். பதில் தெரியாவிட்டால், தெரியும்வரை நடக்கூடாது. கத்தரித்த கொப்புகளை ஓடையிலும் காட்டோரத்திலும் கொட்டவும் கூடாது. இந்தக் கேள்விகளைக் கேட்கச் செடியின் சரியான பெயர் வேண்டும். பெயர் இல்லாமல் விற்கும் செடியை வாங்காமல் வருவதே கண்டித் தோட்டக்காரர் இந்த மலைகளுக்குச் செய்யக்கூடிய முதல் உதவி.

பக்கத்து வீட்டு மைக்கோனியா பூக்குமுன் போய்விட்டது. நானும் அக்காவும் வேரோடு எடுத்து, வெயிலில் காயவைத்து எரித்தோம். அந்தத் தொட்டியில் இப்போது என் வேலியிலிருந்து எடுத்த ஹீன் போவிட்டியாக் கன்று நிற்கிறது. போன கிழமை முதல் பூ விரிந்ததும் அக்கா மதிலுக்கு மேலால் கூப்பிட்டார். கேசரத்தை எண்ணிவிட்டாராம். எட்டுத்தான்.